கடல் தெரியும் அறை

எங்கள் கல்லூரியில் இளங்கலைத் தமிழ் பயின்று, பின்னர் துறை மாறி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்திருக்கும் மாணவி ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருக்கிறார். தந்தைக்கு மூட்டுவலி, தாயார் இதுவரை விமானம் ஏறியதில்லை. பல்கலைக்கழகம் இருப்பது பிரைட்டன் நகரின் விளிம்பில். ஓராண்டு அங்கே வாழ்ந்தும் மாணவர் விடுதியைத் தவிர வேறெங்கும் தங்கி அறியாதவர் அவர். நாங்கள் ஒருமுறை அவ்வூருக்குச் சென்று வந்த கதை அவருக்குத் தெரியும். "அப்பா அம்மாவை எங்கே தங்க வைக்கலாம், ஐயா? கடல் தெரிகிற அறையாக இருக்கவேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார்" என்று கேட்டிருந்தார்.

மூன்று வரியில் மறுமொழி எழுதத் தொடங்கி, அடித்துவிட்டோம். அந்நகரில் தங்குமிடத்தை நாங்கள் தவறாகத் தேர்ந்தவர்கள். அத்தவற்றின் விலையைக் கொடுத்தது நாங்கள் அல்ல, எங்கள் அம்மா. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரைட்டனில் 'கடல் தெரியும் அறை' என்ற சொற்களை நம்பி அறை எடுக்கக் கூடாது. உடன் வருவோரில் உடல் தளர்ந்தவர் யாரோ, அவருடைய காலுக்கு ஏற்ற வீட்டை முதலில் தேடவேண்டும். கடலைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அது எங்கும் போய்விடாது. கேட்பதற்கு மிகச் சாதாரணமான அறிவுரை. ஆனால் அந்நகரின் வீடுகள் கட்டப்பட்ட விதமும், அங்கே விருந்தினர் தங்கிய வரலாறும், அந்நகரைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களும் இதையேதான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன என்பது எங்கள் எண்ணம்.

*

பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் குடியிருப்பு. நெய்தல் பாடல்களை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு அவ்வூரின் பழைய ஓவியங்கள் அந்நியமாகத் தோன்றா. கரையில் ஏற்றிவைத்த படகுகள், உலரும் வலைகள், காற்றைத் தாங்க நெருங்கி நிற்கும் சிறு வீடுகள் என்று எல்லாம் உண்டு. மணல் மட்டும் கிடையாது. கரை முழுவதும் கூழாங்கற்கள்.

அவ்வூரின் தலைவிதியை மாற்றியவர் ஒரு மருத்துவர். பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750-இல் இலத்தீனில் ஒரு நூல் எழுதினார். சுரப்பிகளில் வரும் நோய்களுக்குக் கடல்நீர் மருந்தாகும் என்பது அதன் சாரம். குளிப்பதற்கு மட்டுமல்ல, குடிப்பதற்கும் அவர் கடல்நீரைப் பரிந்துரைத்தார். நோயாளிகள் வந்தார்கள். வந்தவர்கள் தங்க இடம் வேண்டுமே! 1753-இல் ரஸ்ஸல் கடலோரத்தில் ஒரு வீடு கட்டி, அதில் தாமும் இருந்து நோயாளிகளையும் தங்கவைத்தார். அந்த வீடு இருந்த இடத்தில் 1826-இல் ராயல் அல்பியன் விடுதி எழுந்தது. 2023 ஜூலையில் அது தீப்பற்றி, அதன் ஒரு பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று.

ஆக, அந்நகரின் முதல் பெருந்தொழில் கடல் அல்ல, கடலருகே தங்கவைப்பதுதான் எனலாம். 1783-இல் வேல்ஸ் இளவரசர் முதன்முதலாக அங்கே வந்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர். அவரும் பின்னர் வாடகைக்கு எடுத்த ஒரு பண்ணைவீட்டில்தான் தங்கினார். அந்தப் பண்ணைவீடு வளர்ந்து வளர்ந்து, 1815-க்குப் பின் ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞரின் கையில் குவிமாடங்களும் ஸ்தூபிகளுமாக, இந்தியாவைக் கனவில் கண்டவர் கட்டியதைப்போல, இன்றைய ராயல் பெவிலியனாக மாறியது.

அந்தக் கனவு எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் உண்மையான இந்தியர் ஒருவரும் அங்கே இருந்தார். 1759-இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது அவர். 1794-இல் ஆங்கிலத்தில் தம் பயணங்களை நூலாக வெளியிட்டவர். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியராக அறியப்படுபவர். 1814-இல் பிரைட்டனுக்கு வந்து, கடலை ஒட்டி ஒரு நீராவிக் குளியலகத்தை நடத்தினார். தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் நம்மூர் வைத்தியத்தை 'ஷாம்பு' என்ற பெயரில் ஆங்கிலேயருக்குப் பழக்கியவர் அவரே. இரண்டு மன்னர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். மூட்டு பிடித்துக்கொண்டவர்களும் முடக்குவாதக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவருடைய குளியலகம் இருந்த இடத்தில் இன்று நிற்பதும் ஒரு தங்கும் விடுதிதான். 1851-இல் காலமான அவர் அவ்வூர்த் தூய நிக்கோலஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

நடக்க இயலாதவர்கள் தேடி வந்த ஊர் அது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்றைக்கு அந்த ஊரில் நடக்க இயலாதவருக்கு இடம் தேடுவதே பெரும்பாடு என்பதற்கு, அடுத்து வந்த கட்டடங்களே காரணம்.

*

1820களில் கிழக்கே கெம்ப் டவுனும் மேற்கே ஹோவ் பகுதியில் பிரன்ஸ்விக் சதுக்கமும் எழுந்தன. இடையிடையே சிறு சதுக்கங்களும் கடலை நோக்கி இறங்கும் தெருக்களும் நிறைந்தன. வெள்ளைச் சுண்ணச் சாந்து பூசிய, வளைந்து முன்னே பிதுங்கும் சாளரங்கள் கொண்ட, ஒன்றோடொன்று ஒட்டிய உயர்ந்த வீடுகள் அவை. தெருவில் சற்று உள்ளே இருக்கும் வீட்டிலிருந்தும் அந்த வளைந்த சாளரத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் கடலின் ஒரு கீற்றுத் தெரியும். இன்றைய விடுதி விளம்பரங்களில் 'பக்கவாட்டுக் கடற்காட்சி' என்று வருவது இதுவே. கழுத்தைத் திருப்பத் தெரிந்தவர்களுக்கான காட்சி.

இவ்வீடுகளின் உள்ளமைப்பைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். நிலவறையில் அடுக்களை. தரைத்தளத்தில் உணவுக்கூடம். முதல் மாடியில் உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் பால்கனியும் கொண்ட வரவேற்புக் கூடம். வீட்டாரின் பெருமை எல்லாம் அங்கேதான். அதற்கு மேலே படுக்கையறைகள். உச்சியில், கூரை சாய்ந்து தலையில் இடிக்கும் பரண் அறைகளில் வேலையாட்கள். எசமானர் ஏறுகிற வரையில் படிகள் அகலமாக இருக்கும். வேலையாள் மட்டும் ஏறுகிற இடத்தில் படி குறுகி, ஏணியைப்போல் செங்குத்தாகும்.

இருநூறு ஆண்டுகள் கழித்து அதே வீடுகள் பல தங்கும் விடுதிகளாயிருக்கின்றன. எசமானரின் கூடம் இன்று விலையுயர்ந்த அறை. நிலவறையும் பரணும் மலிவான அறைகள். கட்டணப் பட்டியல் என்று நம் கையில் தரப்படுவது அந்தப் பழைய வீட்டின் வர்க்க அமைப்பேதான். பரணிலிருந்து கடல் தெரியும் என்பது மட்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பெருமை. அங்கே படுத்த வேலைக்காரப் பெண்ணுக்கும் கடல் தெரிந்துதான் இருக்கும். அதற்காக அவளிடம் யாரும் காசு கேட்டதில்லை.

இவற்றுள் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். நினைத்தவுடன் சுவரை உடைத்து லிஃப்ட் வைத்துவிட முடியாது. வைக்க இடமும் இராது. இது விடுதிக்காரர்களின் குற்றம் அன்று. ஆனால் அறை எடுக்கிறவன் அறிந்திருக்க வேண்டியது. நாங்கள் அறிந்திருக்கவில்லை.

*

2018 ஜூலையில் நாங்கள் மூவர் பிரைட்டனுக்குச் சென்றோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. இலண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரே சாலை நேராகக் கீழே இறங்குகிறது; அதன் முடிவில் இரண்டு கட்டட வரிசைகளுக்கிடையே நீலமாக ஒரு துண்டு. "அது கடலா, வானமா?" என்று அம்மா கேட்டார். கடல்தான் என்றதும் முகம் மலர்ந்தது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர். திருச்செந்தூர்க் கடலைத் தவிர வேறு கடல் அறியாதவர்.

அறையை நிழற்படம் பார்த்துத் தேர்ந்திருந்தோம். சாளரம், அதற்கப்பால் கடல், மேசைமேல் ஒரு தேநீர்க் கோப்பை. விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. அந்த மகிழ்ச்சியில் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'லிஃப்ட் இல்லை, அறை நான்காம் மாடியில்' என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் விட்டோம். வீட்டுக்காரர் ஒளிக்கவில்லை, நாங்கள்தாம் பார்க்கவில்லை.

எழுபத்தொரு படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது எதற்கென்று முதலில் விளங்கவில்லை. அம்மா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது விளங்கியது. எங்களுக்கு முன்னும் பலர் தத்தம் அம்மாக்களை அழைத்து வந்திருக்க வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கட்டிலில் அமர்ந்து, "ஏறியாச்சு. இனி என்ன எறங்கச் சொல்லாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அது வேடிக்கைப் பேச்சன்று என்பது மறுநாள் காலையில் தெரிந்துபோயிற்று. முழங்கால் வீங்கியிருந்தது.

கடல் தெரியத்தான் செய்தது, நின்று பார்த்தால். கூரைச் சரிவில் அமைந்த சாளரம் ஆதலால் அதன் அடிச்சட்டம் மார்பளவு உயரத்தில் இருந்தது. கட்டிலில் அமர்ந்து பார்த்தால் வானம் மட்டுமே. முழங்கால் வீங்கிய ஒரு மூதாட்டி, கடலைக் காண வேண்டுமென்றால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எங்கள் நிழற்படத்தில் இருந்த தேநீர்க் கோப்பை நின்றுகொண்டிருந்தவர் எடுத்த படம் என்பது அப்போது புரிந்தது.

இரண்டு பகல்கள் அம்மா அந்த அறையிலேயே இருந்தார். நாங்கள் பெவிலியனைப் பார்த்தோம். 1899-இல் திறந்த கடற்பாலத்தில் நடந்தோம். 1975-இல் மூடி, 2003-இல் எரிந்து, இன்றும் எலும்புக்கூடாகக் கடலுக்குள் நிற்கும் மேற்குக் கடற்பாலத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ரொட்டியும் பாலும் பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அம்மா அன்றைய செய்தியாகச் சொன்னது, எதிர்க் கூரையின் புகைபோக்கி அடியில் கூடுகட்டியிருந்த கடற்காக்கைக் குடும்பத்தைப் பற்றி. இரண்டு குஞ்சுகள், தாய்ப்பறவை போனால் தகப்பன் காவலிருக்கிறது, விடியுமுன் நான்கு மணிக்கே கூச்சல் தொடங்கிவிடுகிறது. அக்கூச்சலை நாங்கள் இரவெல்லாம் சபித்துக்கொண்டிருந்தோம். அவருக்கோ அது ஒன்றே துணையாக இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் வேறு இடம் தேடினோம். மேற்கே ஹோவ் பக்கத்தில், தாமும் அதே வீட்டின் நிலவறையில் குடியிருந்து நான்கு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு முதிய பெண்மணி. தொலைபேசியில் பேசியபோது எத்தனை பேர், எத்தனை நாள் என்று அவர் தொடங்கவில்லை. "அம்மாவால் எத்தனை படி ஏற முடியும்?" என்பதே அவருடைய முதல் கேள்வி. இரண்டு என்றோம். "எங்கள் வாசலில் மூன்று இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

பழைய வீட்டின் எழுபத்தொரு படிகளையும் அம்மா இறங்க அரைமணி நேரம் ஆயிற்று; பாதியைக் குழந்தையைப்போல் அமர்ந்து அமர்ந்தே இறங்கினார். கட்டிய பணம் திரும்பவில்லை. புதிய அறையின் சாளரத்தைத் திறந்தால் செங்கல் சுவரும் இரண்டு குப்பைத் தொட்டிகளும் தெரிந்தன. ஆனால் மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது அம்மா அறையில் இல்லை.

*

இவ்விடத்தில் இரண்டு நாவல்களை நினைவுகூர விரும்புகிறோம். தங்குமிடம் என்பது வெறும் வசதி தொடர்பானது அன்று என்பதை அவற்றின் ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

டிக்கன்ஸின் 'டாம்பியும் மகனும்' 1846 முதல் 1848 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. நோஞ்சானான சிறுவன் பால், கடற்காற்று நல்லதென்று பிரைட்டனுக்கு அனுப்பப்படுகிறான். செல்வந்தரான தந்தை அவனை ஏறுமுகமான ஒரு சந்தில், சுண்ணாம்பு மண்ணில் எதுவும் சரியாக முளைக்காத ஒரு வீட்டில், பிள்ளைகளை அதட்டியே வளர்க்கும் திருமதி பிப்சினிடம் ஒப்படைக்கிறார். வார இறுதியில் வந்துபோகும் தந்தை தங்குவது விடுதியில். குழந்தைகள் அங்கே சென்று அவரோடு தேநீர் அருந்தித் திரும்புவார்கள். நடக்க வலுவில்லாத பாலைச் சிறு வண்டியில் வைத்துக் கடற்கரைக்கு இழுத்துச் செல்கிறார்கள். அங்கே படுத்துக்கொண்டு, அலைகள் ஓயாமல் என்ன சொல்கின்றன என்று அவன் கேட்கிறான். வீட்டைத் தேர்ந்தவர் தந்தை. அதில் வாழ்ந்தவன் மகன். டாம்பி கொடியவர் அல்லர், கேட்கத் தெரியாதவர் என்றே முன்பு வகுப்பில் சொல்லிவந்தோம். 2018-க்குப் பிறகு அப்பகுதியைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

கிரஹாம் கிரீனின் 'பிரைட்டன் ராக்' 1938-இல் வந்தது. அதில் நகரமே இரண்டு தங்குமிடங்களாகப் பிரிந்து நிற்கிறது. இளம் ரவுடி பிங்கி வாழ்வது கைப்பிடி ஆட்டம் கண்ட படிக்கட்டுள்ள ஓர் அழுக்கு விடுதியில். அந்தக் கைப்பிடி உடைந்துதான் அவனுடைய கூட்டாளி விழுந்து சாகிறான். அவனுக்கு எதிரியான கொலியோனி இருப்பதோ கடலோரத்து ஆடம்பர ஓட்டலில், மெத்தைகளுக்கும் பொன்முலாமுக்கும் நடுவே. இருவரும் குற்றவாளிகள்தாம். ஆனால் ஊர் ஒருவனுக்கு வணக்கம் சொல்கிறது, இன்னொருவனை விரட்டுகிறது. அவரவர் இருப்பிடமே அவரவர் மரியாதையாக இருப்பதைக் கிரீன் விளக்கவே இல்லை. படிகளையும் நாற்காலிகளையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூன்றாவதாக ஒரு தங்கல் உண்டு. அது நாவல் அன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்காக 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை ராயல் பெவிலியன் மருத்துவமனையாக இருந்தது. சரவிளக்குகளின் கீழே வரிசையாகக் கட்டில்கள். மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனி அடுக்களைகள், தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். அரசர் தம் அரண்மனையையே தந்தார் என்று படங்கள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. உண்மையில் விக்டோரியா அரசியார் காலத்தில், 1850-லேயே, அது நகரத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. நகருக்குள் நினைத்தபடி உலாவ வீரர்களுக்கு உரிமை இல்லை. அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர் ஐம்பத்து மூவர் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்யப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் எழுப்பப்பட்ட வெள்ளைப் பளிங்கு மண்டபத்துக்குச் சத்ரி என்று பெயர். அந்நகரில் இந்தியர் பெற்ற மிக ஆடம்பரமான தங்குமிடம் அதுவரையில் பெவிலியன்தான். அதை அவர்களில் ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு வாய்த்திருக்கிறது. அதை நம் கூட வருகிறவரைக் கேட்டுப் பயன்படுத்துவதுதானே முறை?

*

இனி, மாணவிக்குப் பயன்படும்படி இடவாரியாகச் சில சொற்கள்.

இரண்டு கடற்பாலங்களுக்கும் இடைப்பட்ட கடற்சாலையில் பெரிய ஓட்டல்கள் வரிசையாக உள்ளன. 1864-இல் திறந்த கிராண்டும், 1890-இல் திறந்த மெட்ரோபோலும் இங்கேதான். 1984 அக்டோபரில் அன்றைய பிரதமர் தாட்சரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்து ஐவர் மாண்டது கிராண்டில்தான். 1986-இல் அது மீண்டும் திறந்தது. இவ்வோட்டல்களை 'பணக்காரத்தனம்' என்று ஒதுக்குவது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பழக்கம். ஆனால் கிராண்ட் திறந்தபோதே அதில் லிஃப்ட் இருந்தது என்பதை அறிந்தபின் அவ்வலட்சியம் குறைந்துவிட்டது. மூட்டுவலிக்காரருக்கு 1864-இல் கிடைத்த வசதி, 2018-இல் நாங்கள் எடுத்த அறையில் இல்லை.

கிழக்கே கெம்ப்டவுன் பக்கம் சிறு விடுதிகள் மிகுதி. பேச்சும் சிரிப்புமாக உயிருள்ள பகுதி. ஆனால் அங்கே கடற்சாலை உயரத்தில் ஓடுகிறது, கரையோ கீழே. கடல் கண்ணுக்கு அருகில் இருக்கும், காலுக்குத் தொலைவில். இறங்கினால் ஏறவேண்டும். இளையவர்கள் தாராளமாகத் தங்கலாம்.

நடுவே உள்ள மேற்குத் தெருவும் அதன் சுற்றுப்புறமும் இரவு முழுவதும் விழித்திருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் நடனக்கூடங்கள் மூடும் நேரத்தில் தெருவே பாடும். தூக்கம் முக்கியமானால் அப்பக்கம் வேண்டா.

நிலையத்துக்கு அருகில் எடுத்தால் பெட்டியைத் தூக்கி நடக்கும் தொல்லை குறைவு. பல்கலைக்கழகம் இருக்கும் ஃபால்மருக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கடலுக்குச் செல்லும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வலியுள்ள கால் திரும்பும்போதுதான் களைத்திருக்கும்.

மேற்கே ஹோவில் தரை சமதளம். கடலை ஒட்டிப் புல்வெளி, அகன்ற நடைபாதை, சிறிது தூரத்துக்கு ஒன்றாக இருக்கைகள். கூழாங்கற்களில் இறங்காமலே கடலின் அருகில் செல்லலாம். பல்கலைக்கழகத்துக்கு நேர்ப் பேருந்தும் உண்டு. ஊரின் ஆரவாரம் கொஞ்சம் தள்ளியிருக்கும். முதியவர்களோடு செல்வோருக்கு எங்கள் வாக்கு ஹோவுக்கே.

காலத்தையும் பார்க்கவேண்டும். ஏப்ரலில் மாரத்தான், மே மாதத்தில் 1967 முதல் நடந்துவரும் கலைவிழா, ஆகஸ்டு தொடக்கத்தில் பிரைடு ஊர்வலம். இந்நாட்களில் ஓர் அறையின் விலை இன்னோர் ஊரின் விலையாகிவிடும். வார இறுதியில் ஓரிரவுக்கு மட்டும் அறை தர மறுப்போரும் உண்டு. வாரநாட்களில் அதே அறை நம் கைக்கு எட்டும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. மரக்கறி உணவுக்குப் பெயர்போன நகரம் அது. 'ஆங்கிலக் காலையுணவு' என்ற பெயரில் வரும் தட்டில் இறைச்சியை விலக்கச் சொன்னால் அவித்த பயறும் காளானும் தக்காளியும் வறுத்த ரொட்டியும் கிடைக்கும்.

முழு வீட்டையும் வாடகைக்கு எடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். குடும்பமாகச் செல்வோருக்குச் சமைத்துக்கொள்ள வசதி, செலவும் குறைவு என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையே. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 2,77,000 பேர் வாழும் நகரம் அது. ஒருபுறம் கடலும் மறுபுறம் குன்றுகளும் நெருக்க, விரிய இடமில்லை. குடியிருக்க வேண்டிய வீடு விருந்தினருக்கென்று ஒதுங்கும்போது, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் செவிலியரும் ஒரு வீட்டை இழக்கிறார்கள். வீட்டுக்காரர் தாமே குடியிருந்து சில அறைகளை மட்டும் விடும் வீடு இருக்கையில், பூட்டுச் சாவிக்கு ரகசிய எண் மட்டும் அனுப்பும் வீடு எதற்கு? அந்தப் பூட்டு "எத்தனை படி ஏற முடியும்?" என்று கேட்காது.

*

எங்கள் கருத்துக்கு மறுப்பும் உண்டு என்பதை அறிவோம். வாழ்நாளில் ஒருமுறை செல்கிறவருக்குக் கடல் தெரிகிற அறைதான் நினைவில் நிற்கும். குப்பைத் தொட்டி தெரிகிற அறையைச் சொல்லிப் பெருமைப்பட முடியுமா என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். மாணவியின் தந்தையுடைய ஆசையும் அதுதான். ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. அதை நிறைவேற்றும் வழியைத்தான் மாற்றச் சொல்கிறோம். லிஃப்ட் உள்ள பெரிய ஓட்டலில், வாரநாளில், ஓர் இரவு மட்டும் கடலுக்கு நேரெதிர் அறை. முன்பதிவு செய்யுமுன் தொலைபேசியில் இரண்டு கேள்விகள்: எந்த மாடி? நாற்காலியில் உட்கார்ந்தபடி கடல் தெரியுமா? மற்ற இரவுகளுக்கு ஹோவில் தரைத்தள அறை. இதைத்தான் அவருக்கு எழுதியிருக்கிறோம். எழுதியதோடு, முடிவு செய்யுமுன் அப்பாவிடம் "எத்தனை படி ஏறுவீங்க?" என்று கேட்டுவிடும்படியும், அவர் சொல்லும் எண்ணில் பாதியை மட்டும் நம்பும்படியும் சேர்த்திருக்கிறோம். பிள்ளைகளிடம் கூட்டிச் சொல்வது பெற்றோர் வழக்கம்.

அம்மா அறையில் இல்லாத அந்தக் காலைக்கு வருவோம். பதறிக்கொண்டு வெளியே ஓடினோம். வீட்டுக்காரப் பெண்மணி வாசலில் நின்று, கடற்பக்கம் கையைக் காட்டினார். புல்வெளியைக் கடந்தால், நடைபாதை இருக்கை ஒன்றில் அம்மா, சேலைமேல் எங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். தனியாக நடந்து வந்திருக்கிறார். முழங்காலைக் கேட்டோம், "அது கெடக்கு" என்றார்.

அந்த இருக்கையின் முதுகில் ஒரு சிறு பித்தளைத் தகடு. அவ்வூர்க் கடற்கரையில் மறைந்தவர் நினைவாக இருக்கை வைக்கும் வழக்கம் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இங்கே அமர்ந்து கடலைப் பார்ப்பதை மிகவும் விரும்பிய ஓர் அம்மையார் நினைவாக அவருடைய பிள்ளைகள் வைத்தது என்று படித்துச் சொன்னோம்.

"இவங்களும் இங்கதான் இருந்தாங்களா" என்று சொல்லிவிட்டு, அம்மா சற்றே நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு அமர்ந்தார். நாங்கள் அந்த இடத்தில் உட்காரவில்லை. புல்லில் அமர்ந்துகொண்டோம்.